வேகத்தில் கடகடக்கும் முன்சக்கரம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: ஏழு ஆண்டுகள் ஓடிய என் காரில், மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து கடகடவென்று ஒலி வருகிறது. பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் முன்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றினேன். மெக்கானிக் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்கிறார். அடுத்த வாரம் நெடுந்தூரப் பயணம் இருக்கிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: சக்கரத்தின் நட்டுகளைச் சோதிக்கும் வரை கடைத்தெருவுக்குக்கூட ஓட்ட வேண்டாம். பிரேக்கை மிதித்தால் ஒலி நிற்கிறது என்று நீங்கள் சொல்வது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடுகளைத்தான் முதலில் சந்தேகிக்க வைக்கிறது. பெரும்பாலும் அதுவாகவே இருக்கவும் கூடும். ஆனால் இத்தகைய ஒலியைத் தேடும்போது, அடிக்கடி நேர்வது எது என்ற வரிசையில் போகாமல், தவறவிட்டால் உயிருக்கு ஆபத்தானது எது என்ற வரிசையில் போவதே என் வழக்கம். அண்மையில் கழற்றி மாட்டிய சக்கரம் என்றால் அந்த வரிசையில் முதலிடம் நட்டுகளுக்குத்தான்.

சக்கரத்தை மாட்டும்போது ஹப்புக்கும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) ரிம்முக்கும் (டயரைத் தாங்கும் உலோகச் சக்கரம்) இடையே துருவோ மண்ணோ சிக்கியிருந்தால், ஓட ஓட அது நசுங்கி, அன்று இறுக்கமாக இருந்த நட்டு சில நாட்களில் தளர்ந்துவிடும். அதனால்தான் டயர் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறோம். சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, ஒன்றுக்கொன்று எதிரெதிரான நட்டுகளாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) கொண்டு இறுக்க வேண்டும். சிறிய, நடுத்தரக் கார்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். உங்கள் காருக்கு உரிய எண் காரின் கையேட்டில் இருக்கும். நட்டின் அடியிலிருந்து கோடு கோடாக வழிந்த துருவும், துளையைச் சுற்றிப் புதிதாகத் தேய்ந்து மினுங்கும் உலோகமும் அது சில நாட்களாகவே ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டிக்கொடுக்கும். துளை நீள்வட்டமாகிப் போயிருந்தால் இறுக்கிவிட்டுத் திருப்தி அடைய முடியாது. ரிம்மையும், பெரும்பாலும் அதைத் தாங்கும் ஸ்டட்டுகளையும் (நட்டு ஏறும் மரைத் தண்டுகள்) மாற்றியாக வேண்டும்.

வீல் கப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு கல்லோ உதிரி நட்டோ கிடந்தால், காரணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்தக் கல் வெளிவிளிம்போடு ஒட்டி அமைதியாகிவிடும். ஊர்ந்து செல்லும் வேகத்தில் மட்டுமே உருண்டு ஒலி எழுப்பும். உள்ளே கிடப்பது நட்டு என்றால், அது எங்கிருந்து கழன்றது என்று பார்ப்பதே முதல் வேலை.

நட்டுகள் சரியாக இருந்தால் அடுத்தது பிரேக். பேடுகள் தம் இருப்பிடத்தில் ஆடாமல் இருக்க மெல்லிய எஃகுக் கிளிப்புகள் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். பேடு மாற்றும்போது பழைய கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போடாமல் விடுவது பட்டறைகளில் புதிதல்ல. கிளிப் இல்லாத பேடு அதிர்வில் முன்னும் பின்னும் மோதிக் கடகடக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்வதால் ஒலி நின்றுவிடும். நீங்கள் விவரிப்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. எனினும் இந்த அடையாளத்தை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது பேடுகள் டிஸ்க்கைக் கவ்விக்கொள்வதால், சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வீல் பேரிங் தேய்ந்திருந்தால் அதன் ஆட்டமும் சற்று நேரம் அடங்கிப்போகக் கூடும். ஆகவே சக்கரத்தைக் கழற்றிவிட்டு பேடுகளைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் காலிபரைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய நகர்வு இயல்பானது. 'டொக்' என்று தட்டினால் அது நகரும் பின்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது காலிபரைப் பிடித்திருக்கும் போல்ட்டே தளர்ந்திருக்கலாம். இந்தப் போல்ட்டையும் நட்டுகளுக்கு இணையான ஆபத்தாகவே கருத வேண்டும். அது கழன்றால் காலிபர் புரண்டு ரிம்மில் மோதும்.

பேரிங்கையும் மூட்டுகளையும் சோதிக்க, காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால், சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கிறது. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காரின் அடியில் நுழையக் கூடாது. பேரிங் தேயும்போது வழக்கமாக வருவது கடகடப்பு அல்ல, வேகத்தோடு உயரும் உறுமல். வலப்பக்கம் வளையும்போது இடது பேரிங்கில் சுமை ஏறுவதால் அந்த உறுமல் கூடும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். 70-க்கு மேல் வரும் ஒலி தெருவில் 30-இல் எப்படிக் கேட்கும்? நீங்கள் ஓட்ட, அவரைப் பக்கத்தில் அமர்த்தி, போக்குவரத்து இல்லாத நல்ல சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் நட்டும் காலிபரும் சரி, பேரிங்கிலும் மூட்டுகளிலும் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகே இந்தச் சோதனை. ஒலி எதைப் பின்தொடர்கிறது என்பதே அவர் கவனிக்க வேண்டியது. சாதாரண கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர், 70 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறை சுழல்கிறது. ஆகவே சுற்றுக்கு ஒரு தட்டு என்றாலும் காதுக்கு அது தொடர்ந்த 'டர்ர்ர்' என்றே கேட்கும்; வேகம் குறையக் குறையத் தட்டுகள் தனித்தனியாகப் பிரியும். சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஒலி மாறினால் அது சஸ்பென்ஷனின் இணைப்புக் கம்பியான லிங்க் ராடு. அப்படியானால் மெதுவாகப் போகும்போதும் கரடுமுரடான பாதையில் கேட்டிருக்க வேண்டும். வழவழப்பான சாலையில் வேகத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு, பிரேக்குக்கு அசையாமல் ஒலித்தால், சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக் மறைப்பு திருகு இழந்து காற்றில் படபடக்கிறது. இன்ஜினா சக்கரமா என்ற ஐயம் வந்தால் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றிக் கேட்கலாம். சாவியை மட்டும் ஒருபோதும் அணைக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் உதவி இழந்துவிடும்.

வீல் பேலன்சிங் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பேலன்ஸ் தவறினால் ஸ்டியரிங் நடுங்கும், கடகடக்காது.

பயணத்தைப் பொறுத்தவரை, குறை கிளிப்போடு நின்றால் அதைப் போட்டுவிட்டுத் தாராளமாகப் புறப்படலாம். பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ ஆட்டம் இருந்தால் அதை மாற்றும் வரை காரை எடுக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்தச் சோதனைக்காகச் சக்கரம் மறுபடியும் கழற்றப்படும். ஆகவே பயணத்துக்கு முந்தைய மாலை வரை தள்ளிப்போடாமல் நான்கைந்து நாட்களுக்கு முன்பே வேலையை முடித்து, உள்ளூரில் 50 கிலோமீட்டராவது ஓட்டி, நட்டுகளை ரெஞ்சு வைத்து மறுபடி பார்த்த பிறகு கிளம்புங்கள்.