ஆபரேஷனில் கட்டியை எடுத்த பிறகும் கீமோ எதற்கு?

மார்பகப் புற்றுநோய்க் கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் கீமோ எதற்கு என்று பாம்பன், மண்டபம் பக்கம் பலர் கேட்கிறார்கள். கீமோ என்பது ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகும் மருந்து. ஸ்கேனில்கூடத் தெரியாத புற்றணுக்கள் வேறெங்காவது தங்கியிருக்கலாம்; அவற்றை அழிக்கத்தான். நம்ம ஊர் சீமைக்கருவேலத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தை வெட்டினாலும், ஆடு தின்று போட்ட விதை எங்கோ மண்ணில் கிடந்து மழைக்கு முளைத்துவிடுகிறது.

எல்லோருக்கும் கீமோ தேவைப்படாது. கட்டியின் வகையைப் பொறுத்து, சிலருக்கு ஹார்மோன் மாத்திரை போதும்.

முடி கொட்டும்போதுதான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் மறுபடி வளரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சிகிச்சைக்காக மதுரைக்குப் போகும் பஸ்ஸில் கூடவே ஏறுங்கள்.

சில வீடுகளில் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறார்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயே இல்லை.