விறகை யார் பிளப்பது?

அன்புள்ள சார்,

பத்து வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். இப்போது ஹொரமாவில் சொந்த வீடு. மொட்டை மாடியில் பாதிக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். அங்கே ஒரு மண் அடுப்பு வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விறகில் சமைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. திருப்பத்தூர் பக்கம் எங்கள் பாட்டி வைத்த மீன் குழம்பின் ருசி கேஸ் அடுப்பில் வரவே இல்லை. மனைவி சிரிக்கிறாள். அம்மா இருபது வருடம் விறகு அடுப்பில் சமைத்தவர், அவரே "வேற வேலை இல்லையா உனக்கு" என்று எரிந்து விழுகிறார். புகைதான் அந்த ருசிக்குக் காரணமா? எந்த விறகு வாங்கலாம்? கேஸ் வந்ததும் நம் பாரம்பரியத்தைத் தொலைத்துவிட்டோம் என்பது என் எண்ணம். பெரிய கம்பெனிகளின் சதியோ என்றுகூடத் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

சதி பற்றிய வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 14.2 கிலோ கேஸும் இரும்புமாகச் சிலிண்டரைத் தோளில் ஏற்றி மூன்றாம் மாடிக்கு வருகிறாரே, அவரிடம் கேளுங்கள். சதி எவ்வளவு கனம் என்று சொல்வார்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் போன ஆடியில் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு அம்மன் கோவில் வாசலில் பார்த்தது இன்னும் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்று செங்கல், பானை, பொங்கல். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் குனிந்து குனிந்து ஊதுகிறார். அடுப்பில் இருந்தது தொடை கனத்துக்கு ஒரு கட்டை. பத்து நிமிடமாகப் புகை மட்டும்தான். கணவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "இதைப் பிளந்து போடக்கூடாதா தம்பி?" என்றேன். "கடையிலயே இப்படித்தான் சார் குடுத்தாங்க" என்றார். அவருக்கு அது முழுமையான பதில்.

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. மனைவி, அம்மா, பாட்டி, அடுப்பு, விறகு, குழம்பு எல்லாம் இருக்கிறது. கோடாலி மட்டும் இல்லை.

ருசியை முதலில் முடித்துவிடுகிறேன். புகை காரணமில்லை. விறகு அடுப்பு எரிந்த வீடுகளில் புகை வாடை ஒரு குற்றம். பாலில் புகை ஏறிவிட்டால் மாமியார் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். "சோறு புகை நாறுது" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று மருமகள் திட்டு வாங்கிய அதே வாடைக்கு இன்று ஓட்டல்களில் தனி விலை. கத்தரிக்காயை, அப்பளத்தை நேராகத் தணலில் சுட்டால் அது வேறு, அந்த மணத்தை நான் மறுக்கமாட்டேன். மூடி போட்ட குழம்புக்குள் புகை என்ன பெரிதாகப் போய்விடும்? உங்கள் பாட்டி மண்சட்டியில் வைத்தார். கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விட்டார். அதை நீங்கள் மறுநாள் காலையில் சாப்பிட்டிருப்பீர்கள். கேஸை சிம்மில் வைத்து, மண்சட்டியில் செய்து, ஒரு ராத்திரி பொறுத்திருங்கள். முக்கால் பாட்டி வந்துவிடுவார்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். இருபது வருடம் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவர் எரிந்து விழுகிறார் என்று புகார் போல எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? எனக்கு எழுத நேரம் இருந்தது, கீழே இறங்கிச் சமையலறைக்குப் போக நேரமில்லையா? வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் அப்பா பீடி குடித்தார், அம்மா இருமினாள்.

எங்கள் வீடு என்று சொன்னது ஸ்ரீராமபுரத்தில் ஒரு வரிசை வீடு. கன்னடத்தில் வடாரா என்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஏழு குடித்தனம், எல்லாருக்கும் ஒரே முற்றம். அப்பாவுக்கு மில் வேலை. ஓனர் வீட்டுக் குளியலறையில் செம்பு ஹண்டே, வெந்நீர் போடும் அண்டா. அதற்குச் சௌதெ டிப்போவிலிருந்து, அதாவது விறகுக் கடையிலிருந்து, வண்டியில் விறகு வந்து இறங்கும். எங்களுக்கு அது கட்டாது. எங்களுக்கு மரத்தூள் அடுப்பு.

மரத்தூள் அடுப்பை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு தகர டின், கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, நடுவில் ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் தூளைப் போட்டு இடிக்க வேண்டும். ஒரு பிடி போடு, இடி. இன்னொரு பிடி, இடி. மேல் விளிம்பு வரை வந்ததும் கட்டையை உருவிவிட்டு, பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுக்க வேண்டும். சரியாக வந்தால் நடுவில் வழவழப்பாக ஒரு குழல் நிற்கும். கீழே நெருப்பு வைத்தால் அந்தக் குழல் உள்சுவரிலிருந்து மெல்ல மெல்ல எரிந்துகொண்டே போகும். மூன்று மணி நேரம் கிட்டே போக வேண்டாம். அவசரப்பட்டு உருவினால், அல்லது இளக்கமாக இடித்திருந்தால், பாதிச் சமையலில் பொலபொலவென்று உள்ளே சரிந்து வீடு முழுக்கப் புகை. "இடிஞ்சி போச்சுடா, பாவி" என்று அம்மா கத்துவது ஏழு வீட்டுக்கும் கேட்கும்.

இடிப்பது என் வேலை. எட்டு வயதிலிருந்து. மைசூர் ரோடு பக்கம் மரம் அறுக்கும் மில்லிலிருந்து கோணியில் தூள் தூக்கி வருவதும், மழை நாளில் அதைக் கட்டிலுக்கு அடியில் காயவைப்பதும் என் வேலைதான். அந்த பாட்டில் ஒரு பீர் பாட்டில். கழுத்து வரை ஒரே கனமாக இருக்கும், வேறு எதுவும் அவ்வளவு தோதாக அமையவில்லை. ஊரிலிருந்து மாமா வந்தால் அம்மா முதலில் அதைத்தான் ஒளித்து வைப்பாள். (அப்பா குடிக்கமாட்டார். யார் நம்புவார்கள்?)

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அடுப்பு என்பது பற்றவைப்பதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடுகிற வேலை என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும், அதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே அதை ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று பெங்களூர்க்காரர்கள் சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில் 1974 இல் அமுல்ய ரெட்டி 'அஸ்த்ரா' என்று ஒரு பிரிவைத் தொடங்கினார். கிராமத்துக்கான விஞ்ஞானம். ராக்கெட் செய்யக்கூடிய ஆட்கள் அங்கே அடுப்பு செய்தார்கள். அஸ்த்ரா ஒலே என்று பெயர், ஒலே என்றால் கன்னடத்தில் அடுப்பு. மூன்று பாத்திரம் வைக்கலாம். உள்ளே கம்பி வலை, பின்னால் புகைபோக்கி. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். இதில் 30 சதவீதத்தைத் தாண்டியது.

எப்படி? காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகத்தான் வெளியே வருகிறது. அந்த வாயு எரிந்தால் சுடர். எரியாமல் தப்பினால் புகை. அதாவது புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு. பெரிய கட்டையைச் செருகினால் அடுப்பின் வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். அது வழியாகக் குளிர்ந்த காற்று அளவில்லாமல் உள்ளே போய்ச் சூட்டைக் குறைத்துவிடும், வாயு எரியாது. ஆகவே வாய் சின்னதாக இருக்க வேண்டும். வாய் சின்னதென்றால் விறகும் சின்னதாக இருக்க வேண்டும். விறகு சின்னதாக இருக்க வேண்டுமென்றால் ஒருவர் அதைப் பிளக்க வேண்டும்.

இங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

மத்திய அரசு 1983 வாக்கில் நாடு முழுக்கப் புகையில்லா அடுப்பு பரப்பத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் என் அத்தை வீட்டிலும் ஒன்று வந்தது. அழகான அடுப்பு. நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது அதன் வாய் உடைந்து அகன்று கிடந்தது. புகை பழையபடி கண்ணைக் கரித்தது. கொடுவாளின் பின்பக்கத்தால் அத்தையே தட்டி உடைத்துவிட்டாள். திண்ணையில் இருந்த மாமா, "நல்லா இருந்த அடுப்பை நாசம் பண்ணிட்டா பாரு" என்றார். அத்தை வெளியே வந்து, "நீ பொளந்து போட்டியா? இல்ல நானா, கழனிக்கும் போயிட்டு வந்து கோடாலியும் தூக்கணுமா?" என்றாள். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டார். அடுப்பு தோற்றுவிட்டது என்று யாராவது நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். மாமாவைப் பற்றி எந்த நோட்டிலும் இருந்திருக்காது.

சரி, நீங்கள் கேட்டது எந்த விறகு என்று. சவுக்கு கிடைத்தால் சவுக்கு. பெங்களூரைச் சுற்றி நீலகிரி மரமும் (நம் தைல மரம்தான்) சில்வர் ஓக்கும் சுலபமாகக் கிடைக்கும். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து தீரும், ஆனால் உங்களைப் போன்ற புதுக் கைக்குப் பிளக்க எளிது. பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர்தான், வாங்கியவுடன் எரிக்காதீர்கள். கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மழை படாமல் மாதக்கணக்கில் காயவிடுங்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய கதவு இவற்றைக் கொண்டுவராதீர்கள், பசையும் பெயின்டும் சேர்ந்து எரியும். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், திறந்த பக்கத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டில் துணி காயாத நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று மீந்த தணலைப் படுக்கை அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினீர்களோ, அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

முதலில் ஒரு கோடாலி வாங்குங்கள். அடுப்பு அப்புறம். மூன்று மாதம் கழித்து, காய்ந்த சிராய் ஒரு கட்டு தயாரான ஞாயிற்றுக்கிழமை, சட்டியையும் மீனையும் நீங்களே மேலே எடுத்துப் போங்கள். மீனைக் கழுவுவதும் நீங்களே. அம்மாவைக் கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டார். வற்புறுத்தாதீர்கள். ஒரு காபி மட்டும் மேலே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கேஸில் போட்டதுதான், பரவாயில்லை.