வெயில் எரிச்சலுக்கு ஐஸ் வேண்டாம், ஈரத்துணி போதும்

நேற்று கடலில் குளித்ததில் தோளும் முதுகும் சிவந்துவிட்டன, சட்டை பட்டாலே தாங்க முடியவில்லை, ஐஸ் வைக்கலாமா, எலுமிச்சைச் சாறு தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். ஐஸ் புண்பட்ட தோலை மேலும் காயப்படுத்தும். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மறுபடி வெயில் கண்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும்.

மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் நனைத்து, 10 முதல் 15 நிமிடம் தோளில் போர்த்தியிருங்கள். துணி சூடேறினால் மறுபடி நனையுங்கள். நாளில் பலமுறை செய்யலாம். பிறகு தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் கற்றாழைச் சோற்றைத் தடவுங்கள். மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது அரிப்பைக் கிளப்பும் என்பதால், மடலை நிறுத்தி வைத்து வடியவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே சோற்றை வழித்தெடுங்கள். எண்ணெயும் வெண்ணெயும் இப்போது கூடாது, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

வெயில் பட்ட 12 முதல் 24 மணி நேரத்தில்தான் சிவப்பு உச்சத்துக்குப் போகும், ஆகவே இன்று எரிச்சல் கூடினால் பயப்படாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைச்சுற்றல், வாந்தி எது வந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.