பட்டனை எண்ணாதீர்கள், சென்சாரைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

2023 அக்டோபரில் சேலத்துக்கு மறுபடி விமானம் வர ஆரம்பித்ததிலிருந்து சேலம் பக்கத்து வாசகர்களுக்கு ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் ஆசை பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் ஜாய்ஸ்டிக் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பிரிண்டர் மை கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், அம்மாபேட்டை: அண்ணா, இத்தனை நாள் கீபோர்டிலேயே விமானம் ஓட்டிவிட்டேன். இப்போது லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டில் எது என்று திணறுகிறேன். பட்டன் அதிகம் இருப்பதை வாங்கு என்கிறான் நண்பன். எதை வாங்கட்டும்?

பட்டன் கணக்கை விடுங்கள் தம்பி. லாஜிடெக்கில் 12, த்ரஸ்ட்மாஸ்டரில் 16 என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் அந்த 16-இல் 12 அடிப்பீடத்தில் இருக்கின்றன. ஓடுபாதை நெருங்கி வரும்போது திரையை விட்டுவிட்டுக் குனிந்து பட்டன் தேடவா போகிறீர்கள்? சக்கரம் இறக்க, ஃபிளாப் போட, பிரேக் பிடிக்க, டிரிம் வைக்க என்று விரல் எட்டுகிற இடத்தில் நாலைந்து இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் உங்கள் நண்பர் கணக்குக்கு நேர்மாறாக லாஜிடெக்தான் ஒருபடி மேலே, அதில் பிடியிலேயே ஆறு பட்டன், டி.16000எம் பிடியில் நான்குதான். சுற்றிலும் பார்க்க உதவும் ஹேட் ஸ்விட்ச் இரண்டிலும் உண்டு.

கேட்க வேண்டியது உள்ளே என்ன சென்சார் என்பதை. மலிவான ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவில் வால்யூம் திருகுகிறோமே, அதே சாமான். ஒரு கார்பன் தடத்தின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரசினால் தேயும், தேய்ந்தால் தூசு, தூசு சேர்ந்தால் நீங்கள் கையை அசைக்காதபோதும் விமானம் துள்ளும். டி.16000எம்-இல் முன்பின், இடவலம் இரண்டு அச்சுக்கும் ஹால் சென்சார் போட்டிருக்கிறார்கள். எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. காந்தம் அசைய அசைய, தொடாமலே சென்சார் அதைப் படித்துக்கொள்கிறது. உரசல் இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை.

தேய்மானத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, அது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை இறக்கும்போது கடைசி இருபது அடி உயரத்தில் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும், அங்கே கை அசைவது ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. டி.16000எம் ஒரு அச்சைப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்துப் படிப்பதால் அந்தச் சின்ன அசைவு அப்படியே விமானத்துக்குப் போய்ச் சேருகிறது. படிகள் குறைவான சென்சாராக இருந்தால் முதலில் ஒன்றுமே நடக்காது, நீங்கள் இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள், திடீரென்று மூக்கு எம்பும், பயந்துபோய் முன்னால் தள்ளுவீர்கள், விமானம் ஓடுபாதையில் தவளை மாதிரி குதித்துக்கொண்டு போகும்.

சரி, த்ரஸ்ட்மாஸ்டரில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பிடியை முறுக்கினால், விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர் அசைகிறது அல்லவா, அந்த முறுக்கு அச்சில் மட்டும் அவர்களும் பொட்டென்ஷியோமீட்டரைத்தான் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச காலம் போனால் முதலில் மக்கர் பண்ணுவது அதுதான். முறுக்கிலும் தொடாத சென்சார் வேண்டுமென்றால் விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ என்று ஒன்று இருக்கிறது, அருமையான சாமான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து கல்லூரி மாணவன் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

என் தீர்ப்பு: பணம் கூடினால் டி.16000எம். கூடாவிட்டால் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவே போதும், இருபது வருஷத்துக்கு மேலாக விற்றுக்கொண்டிருக்கும் மாடல் அது, முதல் ஸ்டிக்காக அதைப் பிடித்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு பட்டனில் நீல விளக்கு எரியும் ஊர் பேர் தெரியாத ஸ்டிக் எதையாவது வாங்கிவிடாதீர்கள்.

ஒரு தாய், அஸ்தம்பட்டி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஸ்டிக், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், ரடருக்குக் கால் பெடல் என்று முழு செட் கேட்டு அடம்பிடிக்கிறான். பைலட் ஆக இது உதவும் என்கிறான். வாங்கித் தரலாமா சார்?

முழு செட் வேண்டாம்மா. முதலில் காசே இல்லாமல் சோதித்துப் பாருங்கள். ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுக்க இலவசம். வீட்டு கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்தும் பையன் அதையே ஓட்டிக்கொண்டிருந்தால் ஸ்டிக் வாங்குங்கள். அப்போதும் த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் வரிசை போதும். ஸ்டிக்கும் த்ராட்டிலும் ஒரே விலையில் சேர்ந்து வரும், இரண்டையும் கழற்றித் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பெடல் தனியாக வேண்டாம், அதிலேயே முறுக்கு ரடர் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஹோட்டாஸ் 4 பிளேஸ்டேஷனுக்கு, ஹோட்டாஸ் ஒன் எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டும் கம்ப்யூட்டரில் வேலை செய்யும், ஆனால் ஒன்றுக்கு வாங்கியது இன்னொரு கன்சோலில் ஓடாது.

பைலட் விஷயம். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஓட்டியது அந்தக் கணக்கில் ஒரு நிமிடம் கூடச் சேராது. ஆனால் கருவிப் பலகையைப் படிக்கவும், உயரம், வேகம், திசை மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கவும் பழக்கம் வரும். பையன் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் பெரிதாகச் சொல்கிறான், அவ்வளவுதான். கணக்கில் மார்க் எவ்வளவு என்று நைசாகக் கேட்டுப் பாருங்கள்.

எஸ்டேட் ஊழியர், ஏற்காடு: போன வருடம் வாங்கிய ஸ்டிக். மழைக்காலம் முடிந்ததிலிருந்து விமானம் தானாக இடது பக்கம் இழுக்கிறது. சமயத்தில் உதறுகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள், முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். விண்டோஸ் ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று தட்டுங்கள். உங்கள் ஸ்டிக்கின் பெயர் வரும், அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஒரு சதுரமும் உள்ளே கூட்டல் குறி மாதிரி ஒரு புள்ளியும் தெரியும். கையை எடுத்துவிட்டு அந்தக் குறியையே ஒரு நிமிடம் பாருங்கள். நடுவிலிருந்து தள்ளி, ஆனால் அசையாமல் நின்றால் பிரச்சினை சின்னது, அதே ஜன்னலில் கேலிபரேட் செய்தால், அதாவது நடு எது என்று மறுபடி சொல்லிக் கொடுத்தால், சரியாகிவிடும். நின்ற இடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தால் உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கோ ஈரமோ.

குறி நட்ட நடுவில் ஆடாமல் நிற்கிறது, ஆனாலும் விமானம் இடதுபக்கம் போகிறது என்றால்? ஸ்டிக்கைத் திட்ட வேண்டாம். செஸ்னா மாதிரி ஒற்றை எஞ்சின் விமானத்தில் முழு வேகம் கொடுத்தால் புரொப்பெல்லர் சுழற்சியின் விளைவாக மூக்கு இடதுபக்கம்தான் இழுக்கும், நிஜ விமானமும் அப்படித்தான், விமானிகள் வலது ரடர் மிதித்துச் சரிசெய்கிறார்கள். ஒரு ஏர்பஸ்ஸை எடுத்து ஓட்டிப் பாருங்கள், அதில் இழுக்கவில்லை என்றால் உங்கள் ஸ்டிக் நிரபராதி. ஸ்டிக்கோடு ஒரு கேம்பேடும் செருகியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடும்.

உதறலுக்கு வைத்தியம்: எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகை என்று கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, அடிப்பக்க ஸ்க்ரூக்களைத் திறந்து, பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் லேசாக அடித்து, ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் நன்றாகச் சுற்றி ஆட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் கூடாது. அதற்கும் அடங்காத லேசான உதறல் இருந்தால் சிமுலேட்டர் செட்டிங்கில் டெட் ஸோனைக் கொஞ்சம் கூட்டுங்கள், நடுவில் அந்த அளவு அசைவை அது கண்டுகொள்ளாது. ரொம்பக் கூட்டிவிட்டால் ஸ்டிக் மரக்கட்டை ஆகிவிடும்.

உங்கள் ஊர் மூடுபனி ஜன்னல் வழியாக மேசைக்கே வரும் என்பதால் ஓட்டி முடித்ததும் மூடி போட்ட டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அதோடு வையுங்கள். இடி இடிக்கும் நேரத்தில் ஸ்டிக்கை மட்டுமல்ல, கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

வாசகர், ஓமலூர்: காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் புரொப்பெல்லர் விமானம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும். அதே மாதிரி சிமுலேட்டரில் இறக்கிப் பழக வேண்டும். ஸ்டிக் சரியா, ஸ்டீயரிங் மாதிரி இருக்கும் யோக் வாங்க வேண்டுமா?

ஏடிஆர் விமானி கையில் இருப்பது யோக்தான். போயிங்கிலும் செஸ்னா 172-இலும் அதுவே. ஏர்பஸ் ஏ320-இல்தான் ஓரத்தில் சின்ன ஸ்டிக். ஆகவே அச்சு அசலாக வேண்டுமென்றால் யோக் வாங்க வேண்டும், அதிலும் ஹனிகோம்ப் ஆல்ஃபா 180 டிகிரி திரும்பும் என்பதால் கைக்கு நிஜமான உணர்வு தரும். சாய்டெக் நிறுவனத்தின் பழைய வடிவமைப்பில் வரும் லாஜிடெக் யோக் அதில் பாதிதான் திரும்பும்.

ஆனால் உங்களுக்கு நான் ஸ்டிக்கைத்தான் சொல்வேன். யோக்கில் முறுக்கு ரடர் கிடையாது, பெடலும் சேர்த்து வாங்கினால்தான் முழுமை. மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அந்த மேசையில் வேறு வேலை நடக்காது, வீட்டில் சண்டைதான் வரும். நாளைக்கு ஏர்பஸ் ஓட்டவோ போர் விமானம் ஓட்டவோ ஆசை வந்தால் யோக் உதவாது. ஸ்டிக் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும், ஏடிஆர் கோபித்துக்கொள்ளாது.

சேலம் ஓடுபாதை சுமார் 6000 அடிதான் நீளம், ஏடிஆருக்கு அது தாராளம். பழக அருமையான இடம், ஏனென்றால் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 அடியில் இருக்க, கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே சேர்வராயன் மலை 5000 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. வடகிழக்கு நோக்கி இறங்கும்போது சரியாக வரவில்லை, மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும் என்றால் மலை உங்கள் வலது கைப்பக்கம், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். தைரியம் வந்த பிறகு செஸ்னாவை எடுத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையை, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை, மேலிருந்தே பிடித்துக்கொண்டு ஏரி வரை போய்ப் பாருங்கள். ரடரையும் ஸ்டிக்கையும் சேர்த்துப் பிடிக்க அதைவிட நல்ல பயிற்சி இந்தப் பக்கத்தில் இல்லை.

வாசகி, சூரமங்கலம்: நான் இடது கைக்காரி. கடையில் பார்த்த ஸ்டிக் எல்லாம் வலது கைக்கு வளைந்திருக்கிறது.

டி.16000எம் இரண்டு கைக்கும் மாறும், பிடியில் உள்ள துண்டுகளைக் கழற்றி மாற்றிப் போட்டால் போதும். அதே குடும்பத்தில் வந்த டிசிஏ ஏர்பஸ் சைட்ஸ்டிக்கும் அப்படியே. எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ உங்களுக்கு ஆகாது. ஒரு சந்தோஷமான செய்தி, ஏ320-இல் கேப்டன் உட்காருவது இடது இருக்கை, ஸ்டிக்கைப் பிடிப்பது இடது கையில், த்ராட்டிலுக்குத்தான் வலது கை. வலது கைக்காரர்கள்தான் அங்கே புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

வாசகர், செவ்வாய்பேட்டை: அமெரிக்காவிலிருந்து திரும்பிய சித்தப்பா பழைய மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 ஒன்று கொடுத்தார். இந்தக் காலத்தில் உபயோகம் உண்டா?

செருகுவதற்கு முன் அடிப்பக்கம் திருப்பி வோல்டேஜைப் படியுங்கள்! உள்ளே மோட்டார் இருப்பதால் அதற்குத் தனியாக மின்சார ஒயர் உண்டு. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. 120 மட்டும் என்று போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கில் வைக்காதீர்கள், புகைதான் வரும்.

அதைத் தாண்டிவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வேகம் கூடினால் ஸ்டிக் இறுகும், ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை காற்றில் தாங்கும் சக்தியை இழக்கும்போது, கையில் நடுங்கும், இந்த உணர்வைச் சாதாரண ஸ்பிரிங் ஸ்டிக் எதுவும் தராது. டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டர் அதை ஆதரிக்கிறது, அதில் எஸ்யூ-25டி, டிஎஃப்-51டி இரண்டு விமானமும் இலவசம், உடனே ஓட்டிப் பார்க்கலாம். பிடியில் கை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள், பிடித்தால்தான் மோட்டார் வேலை செய்யும், ஆகவே கையை எடுத்ததும் ஸ்டிக் தொய்ந்து விழுந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்று தோன்றினாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இதைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசகர், மேட்டூர்: ஸ்டிக் இருக்கிறது. அடுத்து வாங்க வேண்டியது த்ராட்டிலா, பெடலா?

பெடல். மேசை மேல் இருக்கும் சின்ன நெம்புகோலே த்ராட்டிலுக்குச் சமாளித்துவிடும், ஆனால் பக்கக்காற்றில் இறங்கும்போது ஒரே மணிக்கட்டால் சாய்க்கவும் முறுக்கவும் இழுக்கவும் முடியாது. நுனிக்கால் பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டைல்ஸ் தரையென்றால் அடியில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பெடல் சுவர் வரை போய் நிற்கும்.