அப்பா போய் 4 வருஷமாச்சு, அம்மா இன்னும் நடுங்குறாங்க: கவுன்சிலிங் கூட்டிட்டுப் போகலாமா?

கேள்வி: குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் அப்பா இறந்து 4 வருடம் ஆகிறது. இப்போதும் ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் அம்மா நடுங்குகிறார். "அதான் அவர் இல்லையே" என்றாலும் கேட்பதில்லை. கவுன்சிலிங் கூட்டிப் போகலாமா? சொந்தக்காரர்கள் பைத்தியம் என்பார்களா?

தம்பி, முதல்ல அந்த "அதான் அவர் இல்லையே"வை நிறுத்துங்க. என் மகனும் இதையேதான் சொன்னான், நாத்தனாரும் சொன்னாங்க, கடைக்கு மீன் வாங்க வர்றவங்களும் சொன்னாங்க. அவர் இல்லன்னு எனக்குத் தெரியாதா? கடைசியா குளிப்பாட்டுனப்போ தண்ணி மொண்டு கொடுத்ததே நான்தான்.

நான் காசிமேட்டுக்காரி. வீட்டுக்காரர் லாஞ்சுல போறவர். கடலுக்குப் போனா 10 நாள், 12 நாள் ஆகும், அதுவரைக்கும் வீடு நல்லாவே இருக்கும். வந்து இறங்குற ராத்திரிதான் பயம். அதைவிடப் பயம் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்ன 45 நாள்தான், 2017ல 61 நாளாக்கிட்டாங்க. மீன் குஞ்சு பொரிக்கிற நேரம், சட்டத்தை நான் குறை சொல்லல. ஆனா கூடின அந்த 16 நாளை எங்க தெருவுல சில பொம்பளைங்க எப்படிக் கழிச்சோம்னு எந்த ஆபீசர் கேட்டாரு? வேலை இல்ல, கையில காசு இல்ல, கடன்ல குடி.

(உடனே "மீனவங்கன்னாலே இப்படித்தான்"னு எவனும் வராதீங்க. எங்க தெருவுல பொண்டாட்டிய ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத ஆளுங்க எத்தனையோ பேரு. அப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவோட வீட்டுக்காரர் பேங்குல வேலை பார்த்தவரு.)

அவர் போன பிறகும் பங்குனி முடியறப்போ எனக்கு வயிறு கலங்க ஆரம்பிச்சிடும். தூக்கம் போயிடும். கதவுத் தாழ்ப்பாளை நாலு தடவை எழுந்து பார்ப்பேன். முதல் வருஷம் வெயில்னு நினைச்சேன். அடுத்த வருஷம் சுகர், பிரஷர், தைராய்டு, வயித்து ஸ்கேன், எல்லாத்துக்கும் காசு போச்சு, எல்லாம் நார்மல். மூணாவது வருஷம்தான் ஒரு டாக்டரம்மா அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.

அங்க போய்ச் சேர்றதே பெரும்பாடு. எண்ணூர் ஹைரோட்டுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும். ஷேர் ஆட்டோ நகராது, புழுதி வாயில ஏறும். எத்தனை வருஷமா இதைச் சொல்றோம், எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் தலையாட்டிட்டுப் போறாங்க. சரி, அதை விடுங்க.

அங்க டாக்டர் வேற, பேசுறதுக்கு இருக்கிற சைக்காலஜிஸ்ட் வேற. டாக்டர் மாத்திரை எழுதினாரு, 8 மாசம் சாப்பிட்டேன், அவர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். நீங்களா நிறுத்திடாதீங்க. சைக்காலஜிஸ்ட் சின்னப் பொண்ணு, என் மக வயசு. இதுக்கு என்ன கதை தெரியும்னுதான் உள்ள போனேன்.

அந்தப் பொண்ணு என் கதையைக் கேக்கவே இல்ல, ஏப்ரலை மட்டும் கேட்டுச்சு. நாள்காட்டியைக் காட்டி, வருஷா வருஷம் எந்தத் தேதியில வயிறு கலங்குதுன்னு குறிக்கச் சொல்லுச்சு. குறிச்சுப் பார்த்தா எனக்கே அல்லு உட்டுருச்சு. ஆபத்துன்னு ஒரு தடவை மூளை பதிச்சு வெச்ச சத்தம், வாசனை, மாசம் எதுவா இருந்தாலும், அது திரும்ப வந்தா நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு ஓடத் தயாராயிடுமாம். இதுக்கு பி.டி.எஸ்.டி.ன்னு வெச்ச பேரு 1980லதான் அமெரிக்க டாக்டருங்க புத்தகத்துல ஏறுச்சாம், வியட்நாம் போருக்குப் போய்த் திரும்புன சிப்பாய்ங்களைப் பார்த்த பிறகு. நான் எந்தப் போருக்கும்மா போனேன்னு கேட்டேன். அது சிரிக்கல.

இன்னொண்ணு. அடிச்ச மறுநாள் காலையில அவர் பால்சுறா வாங்கிட்டு வருவாரு. எனக்குச் சுறாப்புட்டுன்னா உசுரு, அது அவருக்குத் தெரியும். அவரே பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக் கொடுப்பாரு. அந்தக் காலையை நினைச்சா இப்பவும் அழுகை வருது. அடிச்சவனுக்காக எதுக்கு அழுறேன்னு என்மேலயே கோவம். முறுக்கு ஏறுறது, அடிக்கிறது, சமாதானம், திரும்ப முறுக்குன்னு அந்தப் பொண்ணு ஒரு வட்டம் போட்டுக் காட்டுச்சு. அமெரிக்காவுல ஒரு அம்மா 1979லயே இதை எழுதிட்டாங்களாம். பூண்டு உரிச்சதும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு. செத்தவரைப் பத்தி இப்படி எழுதலாமான்னு கேப்பீங்க. அவர் உசுரோட இருக்கிறப்போ யார்கிட்ட எழுதுறது?

இப்ப முழுசா சரியாயிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த ஏப்ரல்ல தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்துட்டுப் படுத்தேன், சில நாள் ரெண்டு தடவை. மகன் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி "நான்தான்மா"ன்னு குரல் கொடுப்பான், அது அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்தது. நீங்களும் இன்னைக்கே செய்யலாம், காசா பணமா?

சொந்தக்காரங்க "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சொல்லத்தான் செய்வாங்க. நாத்தனார் என்னைச் சொன்னாங்க, இப்ப அவங்க மருமகளுக்கு என்கிட்டதான் வழி கேட்டு அனுப்புறாங்க. ஆஸ்பத்திரியில சொல்றதை வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு. நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு இல்ல, தமிழ்லயே பேசுவாங்க. நான் டாக்டர் இல்ல, எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

கூட்டிட்டுப் போங்க. ஆனா ரூமுக்குள்ள நீங்க உக்காராதீங்க. முதல் ரெண்டு தடவை என் மகன் பக்கத்துலயே இருந்தான், நான் முட்டி வலியைப் பத்தி மட்டும் பேசிட்டு வந்தேன். பிள்ளைக்கு முன்னாடி அவங்க அப்பனைப் பத்தி எப்படிப்பா வாய் வரும்? மூணாவது தடவை அந்தப் பொண்ணு அவனை டீ குடிச்சிட்டு வரச் சொல்லி அனுப்புச்சு. அவன் மூணு டீ குடிச்சிட்டு வந்து நின்னான், நான் அப்பவும் பேசிக்கிட்டுதான் இருந்தேன்.