பிரசங்கத்தில் எனக்கான பதிலைத் தேடினேன். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பதில்கள் கிடைத்தன

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 44. சிறுவயது முதல் சபையில் வளர்ந்தவள். அப்பா இறந்த பின், அவர் விட்டுச்சென்ற வீட்டைத் தம்பி என்னைக் கேட்காமலேயே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதால், அவன்மீது வழக்குத் தொடுத்திருக்கிறேன். இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அம்மா நடுவில் கிடந்து தவிக்கிறார்.

வழக்கைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பதைத் தேவனே சொல்லட்டும் என்று முடிவு செய்து, எங்கள் சபைகளின் மூத்த ஊழியர்கள் பேசும் ஆண்டுக் கூட்டத்துக்காகக் காத்திருந்தேன். அதற்கென உபவாசம் இருந்தேன்; இரவுகளில் கண்விழித்து ஜெபித்தேன். "தொடரலாமா, கூடாதா?" என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். காலையில் பேசியவர், தமக்குத் தீங்கு செய்த சகோதரரை மன்னித்த யோசேப்பைப் பற்றிப் பேசினார். எனக்கு அழுகை பொங்கியது. வழக்கைத் திரும்பப் பெற்றுவிட வேண்டியதுதான் என்று அப்போதே நினைத்துவிட்டேன். மாலையில் வேறொருவர், தகப்பனுடைய சுதந்தரத்தில், அதாவது சொத்தில், தங்களுக்குரிய பங்கை மோசேயிடம் துணிந்து கேட்ட செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றிப் பேசினார். அதுவும் எனக்காகவே சொல்லப்பட்டதாகத் தோன்றியது.

குழம்பிப் போய் வீடு திரும்பினேன். அதன் பிறகு தெளிவு தேடி யூடியூபில் ஒரு பிரசங்கம் முடிந்ததும் அடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இப்போது எந்தப் பிரசங்கியார் எதைக் கண்டித்தாலும் அது என்னைத்தான் குறிக்கிறது என்று நெஞ்சு படபடக்கிறது. சபையில் மற்றவர்கள் "கர்த்தர் என்னோடு தெளிவாகப் பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது, என் விசுவாசத்தில்தான் குறை என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டம் நெருங்குகிறது. இந்த முறை என்னை எப்படி ஆயத்தப்படுத்திக்கொள்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அந்த இரண்டு பிரசங்கங்களும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலாமவர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் உரிமையைப் பற்றிப் பேசினார். தம்பியை மனத்தளவில் மன்னிக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. வீட்டில் உங்களுக்குள்ள பங்கைச் சட்டப்படி கேட்பதா என்பது வேறொரு கேள்வி. வன்மமே இல்லாமல் வழக்கை நடத்துகிறவர்களும் உண்டு. வழக்கை வாபஸ் வாங்கிவிட்டுக் காலமெல்லாம் வன்மத்தைச் சுமப்பவர்களும் உண்டு. நீங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து "தொடரலாமா, கூடாதா?" என்று எழுதிக்கொண்டு போனதால், மன்னிப்பைப் பற்றி வந்த சொல் "கூடாது" என்றும், உரிமையைப் பற்றி வந்த சொல் "தொடரலாம்" என்றும் உங்கள் காதில் விழுந்தன. ஆகவே, உங்கள் விசுவாசத்தில் குறை தேடுவதற்கு முன், கேட்கப்போன கேள்வி எப்படி அமைந்திருந்தது என்பதைப் பார்ப்பதே நல்லது.

ஆம் அல்லது இல்லை என்ற தீர்ப்பை எதிர்பார்த்துக் கேட்கும் மனம், பிரசங்கத்தைக் கேட்பதில்லை. அதில் தனக்கான அடையாளத்தைத் தேடுகிறது. நம் கவனம் இயல்பாகவே நமக்குரியதைப் பொறுக்கும். 1959-ல் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு காதில் ஒலிக்கும் பேச்சை மட்டும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், புறக்கணிக்கச் சொல்லியிருந்த மறுகாதில் தங்கள் சொந்தப் பெயர் ஒலித்ததைக் கவனித்துவிட்டார்கள். அந்தக் கூட்ட நாளில் "சகோதரன்", "தகப்பன் வீடு", "சுதந்தரம்" ஆகிய சொற்களெல்லாம் உங்களுக்கு உங்கள் பெயரைப் போலத்தான் ஒலித்திருக்கும். அதற்கு முன் 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்து, அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட குணமதிப்பீடு என்று நம்பவைத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. பொதுவாகச் சொல்லப்பட்டதை நமக்கென்றே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது எல்லா மனிதருக்கும் எளிது என்பதே இதன் பொருள். தேவன் பிரசங்கத்தின் வழியாகப் பேசுவதில்லை என்று இதை வைத்து நான் வாதிட வரவில்லை. அது என் துறையும் அன்று. ஆனால், "எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது" என்ற உணர்வு மட்டுமே போதிய சான்றாகாது. அது ஆராயத் தொடங்க வேண்டிய இடம்.

இதைச் சொல்லும்போது விசுவாசிகள் சிலர் மனம் நோவார்கள் என்பதை அறிவேன். ஆனால் உங்கள் வேதத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் வரும் பெரோயா பட்டணத்தார், பவுலின் பிரசங்கத்தை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள் என்றும், அவர் சொன்னது அப்படித்தானா என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்தார்கள் என்றும் ஒரே வசனம் கூறுகிறது. ஆவலும் ஆராய்ச்சியும் அங்கே எதிரிகளாக இல்லை. ஆராய்ந்ததற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. நற்குணசாலிகள் என்று புகழப்படுகிறார்கள்.

இனி ஆயத்தத்துக்கு வருவோம். கூட்டத்துக்கு முன்பே அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கேள்வியை வேறுவிதமாக எழுதுங்கள். "இந்த வழக்கு முடியும்வரை நான் தம்பியை எப்படி நடத்த வேண்டும்?", "அம்மாவின் தவிப்பைக் குறைக்க என் கையில் என்ன இருக்கிறது?", "வீடு கிடைக்காமல் போனால் நான் உண்மையில் இழப்பது எது?" போன்ற கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வராது, ஆகவே, யோசேப்பைப் பற்றிய பேச்சிலும் செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றிய பேச்சிலும் அவற்றுக்கு ஏதேனும் கிடைக்கும். அதோடு, எந்தப் பதில் வந்துவிடக்கூடாது என்று அஞ்சுகிறீர்களோ அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். இந்தப் பகுதி கடினமானது, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. 16-ஆம் நூற்றாண்டில் தம் ஆன்மீகப் பயிற்சிகளை வகுத்த கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார், தெரிவு செய்யப் போகிறவர் எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்ளைப் போல் முதலில் நிற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த நிலை யாருக்கும் உடனே வாய்ப்பதில்லை. எனினும், "வழக்கை விடு என்று சொல்லிவிடுவாரோ" என்ற அச்சம் எனக்குள் இருக்கிறது என்று அறிந்து கேட்பவர், அறியாமல் கேட்பவரைவிடத் தெளிவாகவே கேட்பார்.

உபவாசத்தைப் பற்றி ஒரு சொல். அது உங்கள் சபையின் வழக்கம். அதைத் தவிர்க்க நான் சொல்லமாட்டேன். ஆனால், பசியோடு தூக்கமின்மையும் சேர்ந்தால் உணர்ச்சி எளிதில் கொந்தளிக்கும். சீர்தூக்கிப் பார்க்கும் திறன் மங்கும். கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் போதுமான அளவு உறங்குங்கள். சர்க்கரை நோயோ வேறு நோயோ இருந்து மருந்து உட்கொள்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம்.

கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் பிரசங்கியார் சொன்னதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தில், அதைக் கேட்டபோது உங்களுக்குள் எழுந்த நினைவையும் உணர்ச்சியையும் எழுதுங்கள். சில நாள்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், "வழக்கை விட்டுவிடு" என்ற வரி இடப்பக்கத்தில் எங்குமே இல்லை என்பதையும், அது வலப்பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதப்பட்டிருப்பதையும் நீங்களே காணக்கூடும். வலப்பக்கத்தில் இருப்பதால் அது மதிப்பற்றது என்று கொள்ள வேண்டாம். தனிப்பட்ட வழிநடத்துதல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வரும். ஆனால் உங்கள் அச்சமும் களைப்பும் தம்பிமீதுள்ள கோபமும் அதே பக்கத்தில்தான் வந்து எழுதும் என்பதால், அதை உடனே கட்டளையாக ஏற்காமல் சற்று ஆறவிட வேண்டும்.

அழுகை பொங்கியபோதே வழக்கை விடுவது என்று தீர்மானித்தீர்கள் அல்லவா? இஞ்ஞாசியார் இதைப் பற்றியும் கூர்மையாக எச்சரித்திருக்கிறார். மனம் வாடியிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்ற அவருடைய விதி பலர் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாத இன்னொரு விதியும் உண்டு: தேவனிடமிருந்தே வந்த ஆறுதலானாலும், அந்த ஆறுதலின் நேரத்தையும் அதன் வெதுவெதுப்பு எஞ்சியிருக்கும் பின்நேரத்தையும் பிரித்தறிய வேண்டும்; ஏனெனில் அந்தப் பின்நேரத்தில் நாம் செய்யும் திட்டங்கள் நம்முடையவையாகவே இருக்கக்கூடும். ஆகவே, கூட்டம் முடிந்த சூட்டில் வழக்கறிஞருக்கோ தம்பிக்கோ தொலைபேசியில் பேசாதீர்கள். சில வாரங்கள் கழித்தும், அமைதியான ஒரு காலை வேளையிலும் அதே எண்ணம் அதே உறுதியோடு நிற்கிறதா என்று பாருங்கள். இடையில் திரும்பப் பெறக்கூடிய சிறிய செயல் ஒன்றைச் செய்யலாம். "அம்மா தம்பியின் பேச்சை எடுத்தால், அவனைக் குறை சொல்லாமல் கேட்டுக்கொள்வேன்" என்று சூழ்நிலையோடு சேர்த்து முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் தீர்மானங்கள், பொதுவான நல்லெண்ணங்களைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

சாட்சிகளைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. தெளிவு பெற்றவர்களே எழுந்து நின்று பேசுகிறார்கள். குழப்பத்தோடு திரும்பியவர்களுக்கு அந்த மேடையில் இடமில்லை.

யூடியூப் பிரசங்கங்களைக் கூட்டம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். ஒரு பதில் பிடிக்காமலோ போதாமலோ அடுத்த பதிலைத் தேடுவது ஆயத்தமாகாது. அது பதற்றத்தைத் தணிக்கும் பழக்கம் மட்டுமே, தணித்த சிறிது நேரத்தில் அதைக் கூட்டியும் விடும். கேட்கும் கண்டிப்பெல்லாம் உங்களையே குறிப்பதாகத் தோன்றி நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருப்பதைத்தான் நான் அதிகக் கவனத்தோடு பார்க்கிறேன். இடைவிடாத குற்றவுணர்வும், ஜெபம் சரியாகச் செய்தோமா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பதும் சேர்ந்தால், அது பக்தியின் மிகுதி அன்று. வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக இருக்கக்கூடும், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. இஞ்ஞாசியாரே 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது இத்தகைய மனச்சாட்சி வாதையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை சென்று மீண்டவர். படபடப்பு குறையாமல் உறக்கத்தையும் அன்றாட வேலையையும் கெடுத்தாலோ, மேடையில் இருப்பவர் உங்களுக்கு மட்டும் மறைவாகச் சைகை அனுப்புவதாகத் தோன்றத் தொடங்கினாலோ, அடுத்த கூட்டத்துக்காகக் காத்திராமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, வீட்டில் உங்களுக்குச் சட்டப்படி என்ன பங்கு, சமரசத்துக்கு வழி இருக்கிறதா, வாபஸ் வாங்கினால் பின்னர் மீண்டும் கேட்க முடியுமா என்பவற்றை எந்தப் பிரசங்கமும் சொல்லாது. அவற்றை இந்த வாரமே உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது அந்தக் கேள்விகளையும் சேர்த்துச் சுமந்து போக வேண்டியிருக்காது.