மண் அணைக்குக் களிமண் கலப்பது: வாசகர் கேள்விகள்

நயமான மணலும் வண்டலும் கலந்த மண்தான் கிடைக்கிறது. எவ்வளவு களிமண் சேர்த்தால் கரைக்குள் கசியும் நீரால் வரும் அரிப்பு நிற்கும்?

எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது. சாதாரணக் களிமண் என்றால் 10, 20, 30 சதவீதம் என்று மாதிரிக் கலவைகள் செய்து, இறுக்கி, துளையிட்டு நீர் பாய்ச்சிப் பாருங்கள். துளை எந்தக் கலவையில் அகலாமல் நிற்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். நீரில் மிகவும் உப்பும் களிமண் வகையான பென்டோனைட் என்றால் சில சதவீதமே போதும். அதிகம் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். களி கூடினால் காயும்போது வெடிப்பு விழும், அந்த வெடிப்பே தண்ணீருக்கு வழி.

எந்தக் களிமண்ணும் ஆகுமா?

ஆகாது. சோடியம் மிகுந்த சில களிமண் தண்ணீர் பட்டதுமே தானாகப் பிரிந்து கலங்கிவிடும். அதைக் கலந்தால் நோயையே மருந்தாகக் கொடுத்த கதைதான். சோதிப்பது எளிது. சுண்டைக்காய் அளவு மண்கட்டியை, காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெதுவாக இறக்குங்கள். அசைக்காமல் ஒரு மணி நேரம் வரை கவனியுங்கள். கட்டி உதிர்ந்து குவிந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவினால் ஆபத்து. கிணற்று நீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும். இதில் தேறும் மண்ணும் சில சமயம் ஏமாற்றும் என்பதால் ஆய்வகத்தில் ஊசித்துளைச் சோதனையும் (இறுக்கிய மண்ணில் சிறு துளையிட்டு நீர் பாய்ச்சிப் பார்ப்பது) செய்துவிடுங்கள். வேறு மண் கிடைக்காவிட்டால் ஜிப்சமோ சுண்ணாம்போ சேர்த்துத் திருத்தலாம்.

கலவை திட்டுத்திட்டாக வருகிறது, என்ன செய்ய?

களிமண் ஈரமாக இருந்திருக்கும். ஈரக் களி உருண்டையாகத் திரளும். ரோலர் அதை நசுக்குமே தவிர கலக்காது. உலர்த்தி, கட்டிகளை உடைத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி ரோட்டவேட்டர் ஓட்டுங்கள். அப்புறம் நீர் தெளித்து, பிராக்டர் சோதனை (மண் எந்த ஈரத்தில் மிக நெருக்கமாக இறுகும் என்று காட்டும் ஆய்வகச் சோதனை) தரும் உகந்த ஈரத்தைவிடச் சற்றே கூடுதலாக வைத்து இறுக்குங்கள். வறண்ட நிலையில் இறுக்கிய கரை உறுதியாகத் தெரியும், ஆனால் நீர் நிரம்பும்போது எளிதில் வெடிக்கும்.

களிமண் கலந்துவிட்டால் வடிகட்டி அடுக்கு தேவையில்லையே?

கட்டாயம் தேவை. கசியும் நீரை வெளியே விட்டு, மண்துகளைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதல் முறை நீர் நிரம்பும்போதே உடைந்து 11 பேர் இறந்தார்கள். நடுப்பகுதியில் காற்றடித்துச் சேர்ந்த வண்டல், அதை ஒட்டி வெடிப்புள்ள பாறை, இடையில் வடிகட்டி இல்லை. களிமண் அரிப்பைத் தாமதப்படுத்தும். தொடங்கிவிட்ட அரிப்பை நிறுத்துவது சரியான பருமனுள்ள மணலால் ஆன வடிகட்டிதான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கீழ்ப்புறச் சரிவில் களிமண் பூசலாமா?

வேண்டாம். வெளியேற வேண்டிய கசிவு உள்ளேயே தேங்கிக் கரை நனைந்து சரியும். பூசுவதென்றால் நீர் நிற்கும் பக்கம் பூசி, அது காய்ந்து வெடிக்காமல் மேலே மண்மூடி போடுங்கள்.